வரிசையில் ஆறாவது

அத்தான் இப்போது என் தலைக்கு மேலேதான் எங்கோ இருக்கிறார். பனிமூட்டத்துக்கு அந்தப் பக்கம், நல்ல வெயிலில், ஜன்னலோரத்தில். ஜன்னலோரம்தான் கேட்டு வாங்கியிருப்பார், திருச்செந்தூர் பஸ்ஸானாலும் அவருக்கு ஜன்னல் வேண்டும். கீழே வெள்ளையாய் என்னமோ விரித்துக் கிடக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வெள்ளைக்கு அடியில்தான் துலூஸ் இருக்கிறது, துலூஸின் விமான நிலையம் இருக்கிறது, அதன் வருகைக் கூடத்தில் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு நான் இருக்கிறேன், ஹெப்சி, அவர் மனைவி, ஒன்றரை வருஷமாக அவரைத் தொட்டுப் பார்க்காதவள். என் கைபேசியில் அவர் ஒரு மஞ்சள் பொம்மை. விமானங்களைக் காட்டும் செயலியில் அந்த மஞ்சள் பொம்மை ஊருக்கு வடக்கே ஒரு நீள்வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு முனையில் திரும்புகிறது, நேராக வருகிறது, வந்தேவிடும்போல இருக்கிறது, இந்த முனைக்கு வந்ததும் திரும்பிப் போய்விடுகிறது. ஒவ்வொரு தடவை இந்தப் பக்கம் மூக்கைத் திருப்பும்போதும் நான் தூணிலிருந்து நிமிர்ந்துவிடுகிறேன். எத்தனை ஆயிரம் வட்டங்களைத் திரையில் பார்த்திருக்கிறேன், ஒன்றுக்குக்கூட இப்படி நிமிர்ந்ததில்லை. அதைப் பார்க்கத்தானே எனக்குச் சம்பளம். வானத்தில் காத்திருக்கும் விமானங்களை எந்த வரிசையில் இறக்கினால் மொத்தத் தாமதம் குறையும் என்று கணக்குப் போடுவது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர். அறை வாசலில் பெயர்கூட உண்டு, காகிதத்தில் அச்சடித்து டேப் போட்டு ஒட்டியது, ஒப்பந்தம் முடிந்ததும் உரிக்க வசதியாக. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் நான் பிளேன் ஓட்டுகிறேன் என்று நம்புகிறவர்கள் பாதி, பிளேன் ரிப்பேர் பார்க்கிறேன் என்கிறவர்கள் மீதி. அத்தான் யாரையும் திருத்தமாட்டார். "எனக்கே முழுசா வெளங்கல, அவங்களுக்கு என்னத்தச் சொல்ல" என்பார்.

பனி இறங்கினால் எல்லாவற்றுக்கும் இடைவெளி கூடிவிடும். இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கண்ணால் பார்க்க முடியாது, அதனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே கூடுதல் இடம் விடுவார்கள், விட்டால் பின்னால் வருகிறவையெல்லாம் மேலே சுற்ற வேண்டியதுதான். இப்போது சுற்றுகிறவை ஆறு. யாரும் கேட்காமலே நின்ற இடத்தில் நின்றபடி மனதுக்குள் வரிசை போட ஆரம்பித்துவிட்டேன், பழக்கதோஷம். பாரிஸிலிருந்து வரும் பெரியது முதலில், ஆட்கள் அதிகம். மாட்ரிட் இரண்டாவது, அதில் பாதிப் பேர் இங்கே இறங்கி ஓட்டமாய் ஓடி வேறு விமானம் பிடிக்க வேண்டும். என் கணக்கில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு எடை உண்டு, இரும்பின் எடையல்ல, காக்கவைத்தால் எவ்வளவு நஷ்டம் என்பதன் எடை. லிஸ்பன், லண்டன், ரோம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, பிராங்க்பர்ட்டிலிருந்து வரும் சின்னதை ஆறாவதாக வைத்தேன். ஆட்கள் குறைவு, அடுத்த விமானம் பிடிக்க வேண்டியவர்கள் யாருமில்லை, எல்லாரும் இங்கேயே இறங்கி வீட்டுக்குப் போகிறவர்கள், கொஞ்சம் சுற்றட்டும், குடி ஒன்றும் முழுகிப் போகாது. வைத்து முடித்த பிறகுதான் உறைத்தது. அந்தச் சின்னதில்தான் அத்தான் இருக்கிறார். என் புருஷனை நானே கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன், அதுவும் ஒரு நொடிகூட யோசிக்காமல். பக்கத்தில் நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள், வாய்விட்டு ஏதோ சொல்லியிருக்கிறேன் போல. கணக்கில் தப்பு இருந்தால் பரவாயில்லை, திருத்திவிடலாம். கணக்குச் சரியாக இருக்கிறது, அதுதான் எரிச்சல். போன வருஷம் என் கட்டுரையைப் பரிசீலித்த யாரோ ஒரு புண்ணியவான் கேட்டிருந்தார், இன்று கடைசியில் நின்ற விமானம் நாளையும் கடைசியில்தானே நிற்கும் என்று. ஆமாம், நிற்கும். நாளைக்கும் அது சின்னதுதான், நாளைக்கும் அதில் ஆட்கள் குறைவுதான். என் கணக்கு ஒவ்வொரு நாளும் காலையில் புதிதாகப் பிறக்கும், நேற்று யார் காத்திருந்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. மொத்தம் குறைய வேண்டும் என்றால் ஒருவர் தலையில் கட்டுவதுதான் சுலபம். பாரபட்சம் பார்க்காமலிருக்க, நியாயத்துக்கு எவ்வளவு எடை என்று சொல்கிற ஒரு எண்ணை, லாம்டா என்று பெயரிட்டுக் கணக்கில் சேர்த்தேன், அதன் மதிப்பை எவ்வளவு வைப்பீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. எதையோ வைத்தேன். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் எதையோ.

அத்தானைக் காக்கவைப்பது எப்போதும் சுலபமாகத்தான் இருந்தது. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர், நிரந்தர வேலை, சொந்த வீடு, வாசலில் வேப்பமரம். அவர் எங்கே போய்விடப்போகிறார். என் வேலைதான் ஓடிக்கொண்டே இருந்தால் உண்டு, நின்றால் இல்லை. கல்யாணமான கையோடு பெங்களூரில் ஆய்வுக்கு இடம் கிடைத்தது, "சரி, படிச்சிட்டு வா" என்றார். முடித்ததும் சிங்கப்பூர், "சரி" என்றார். அங்கிருந்து இங்கே, "சரிளா, போ" என்றார். இடையில் லைன் துண்டிக்காமலே இன்னொரு போனை எடுத்து யாரிடமோ, "அண்ணாச்சி, கரண்டு இப்ப வந்துரும், டிரான்ஸ்பார்மர்ல ஆள் நிக்கி" என்றார், எனக்குச் சொன்ன சரிக்கும் அந்த அண்ணாச்சிக்குச் சொன்ன இப்ப வந்துருமுக்கும் ஒரே குரல். அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. எங்கள் சர்ச் சபையில் எல்லாரும் சொல்வார்கள், தனசிங் மாதிரி மாப்பிள்ளை கிடைக்கணுமே, தங்கமான மனுஷன், பொண்டாட்டி வளரட்டும்னு விட்டிருக்கானே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, பீரோவில் பூட்டிவைக்கவா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு கதை, கேட்டிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் அந்தச் சொல் என் காதில் விழுந்திருக்கும், அதை எடுத்துக்கொண்டு வந்திருப்பேன், இந்த ஊர்க் குளிரில் அதை வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். என்னை விட்டுவிட முடியாத ஒருவர் அங்கே இருக்கிறார் என்று. இவர் எவ்வளவு லேசாக விட்டார். கையை விரித்தால் பறவை போய்விடும் என்று தெரிந்தும் எவ்வளவு நன்றாக விரித்தார்.

வட்டம் சுற்றுகிறது. பாரிஸ் பெரியது இறங்கிவிட்டது, பலகையில் எழுத்து மாறியது, சற்று நேரத்தில் கதவு திறந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு பையைக் கீழே போட்டுவிட்டு ஒருவன் ஒருத்தியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான், கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது, நான் பார்க்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அத்தானின் கழுத்துக்கு ஒரு வாசம் உண்டு. வேர்வையும் பவுடரும், வெயிலில் கம்பத்தடியில் நின்றுவிட்டு வந்த நாளில் சூடான தூசியும். இதை வீடியோவில் அனுப்ப முடியாது. வீடியோவில் அவருக்கு நெற்றி மட்டும்தான் வரும், போனை எங்கே பிடிக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கமாட்டார், நெற்றியும் பின்னால் ஓடும் ஃபேனும். அந்த நெற்றியில் முடி ஏறிக்கொண்டே போவதை மாதம் மாதமாகப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் போனைக் கீழே வைத்துவிட்டு ஏதோ எடுக்கப் போனார், அப்போது முதுகு தெரிந்தது, சட்டை போடாத முதுகு, தோள்பட்டைக்குக் கீழே அந்த மச்சம். திரையைத் தொட்டேன், தொட்டதும் படம் நின்றுவிட்டது, நெட்வொர்க். நின்ற படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் முப்பத்தாறு வயதில் ஒருத்தி யாரிடம் போய்ச் சொல்வாள். பிள்ளையைப் பற்றி அத்தை முதலில் மாதாமாதம் கேட்டார்கள், அப்புறம் பண்டிகைக்குப் பண்டிகை கேட்டார்கள், இப்போது கேட்பதில்லை, அத்தை கேட்காமலிருப்பது கேட்டதைவிட மோசமாக இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம். முதல் ஒப்பந்தத்தின்போதும் அதைத்தான் பேசிக்கொண்டோம். எனக்கு அந்த வீட்டுச் சமையலறை வேண்டும், அவர் பின்னால் வந்து நின்றுகொண்டு குழம்பை எட்டிப் பார்த்து, "உப்பு பாக்கட்டா" என்று கேட்பது வேண்டும். இவ்வளவு எளிய ஆசைக்கு இவ்வளவு விமானம் எதற்கு என்று தெரியவில்லை.

என் வேலையை நீட்டிக்க நிதி கேட்டு விண்ணப்பித்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது, போன வாரம் பேராசிரியர் ஒடில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, கோபமே வராது, காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை எடுப்பார். "நிதி வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருடம் நீ இருக்கலாம். அந்த நியாயப் பங்கீட்டு விஷயத்தை முழுசாக எடுத்துச் செய், உன்னைத் தவிர அதை யாரும் செய்யமாட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் சொல்லிவிடு." நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வீட்டில் புரிந்துகொள்வார் இல்லையா?" என்று கேட்டார். "புரிந்துகொள்வார்" என்றேன். புரிந்துகொள்ளாமல் என்ன, அவருக்குப் புரியாததே கிடையாது. இது இன்னும் அத்தானுக்குத் தெரியாது. நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன். நேரில் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லப்போகிறார், அந்தச் சரியை எப்படி முகத்துக்கு நேரே வாங்கிக்கொள்வேன் என்று ஒரு வாரமாகத் தூக்கமில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, அது இந்தத் தூணுக்குப் பின்னால் நிற்பதுபோல நிற்கிறது. இது ஐப்பசி. ஊரில் அடைமழை. தாமிரபரணியில் தண்ணீர் ஏறும், மரம் விழும், கம்பம் சாயும், ஃபீடர் ஃபீடராக, ஏரியா ஏரியாவாகக் கரண்டு போகும். மின்வாரியத்துக்காரன் இந்த மாதத்தில் லீவு கேட்பது உலகத்தில் நடக்காது. சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே தாலி கட்டும் நேரத்துக்கு வந்துவிட்டு மழைக்கோட்டோடு திரும்பிப் போன மனுஷன். அப்படிப்பட்டவர் திடீரென்று, "டிக்கெட் போட்டுட்டேன், வாரேன்" என்றார். என்ன விசேஷம் என்றேன். "வந்து சொல்லுதேன்" என்றார். வந்து சொல்ல என்ன இருக்கிறது. உடம்புக்கு ஏதாவதா. உடம்பென்றால் மறைக்கத் தெரியாது அவருக்கு, இருமினாலே ஊருக்கே சொல்வார். அப்படியானால் வேறு. போதும் என்று சொல்ல வருகிறாரா. இனிமேல் நீ உன் வழி நான் என் வழி என்பதை போனில் சொல்வது மரியாதையில்லை என்று நினைக்கிற ஆள்தான் அவர், அதற்கும் டிக்கெட் போட்டு வருவார், ஜன்னலோரம் கேட்டு வாங்கி உட்கார்ந்து வருவார். அந்த எண்ணம் வந்ததிலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு நிற்கிறேன், அது போய்ச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்துவிடுகிறது. சுமந்தவர் இறக்கிவைக்கத்தானே செய்வார். அது நியாயம்தான். நியாயமாய் இருப்பதால் வலி குறைகிறதா என்ன.

மாட்ரிட் இறங்கியது. லிஸ்பன், லண்டன். கூடம் நிறைந்து காலியாகி நிறைந்தது. ரோமும் இறங்கிய பிறகு மஞ்சள் பொம்மை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் போட்ட வரிசை அப்படியே. மேலே கோபுரத்தில் இருப்பவர்களுக்கு என் கணக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவர்கள் அவர்கள் பாட்டுக்கு முடிவெடுக்கிறார்கள், இருந்தாலும் நான்தான் அவரைக் கடைசியில் நிறுத்தினேன் என்பதுபோல நின்றேன். இப்போதாவது வழி விடுங்கள், இனி யாருமில்லை, அவர் ஒருத்தர்தான். ஆனால் பனி கூடியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே இருந்த டாக்ஸி வரிசைகூடத் தெரியவில்லை. பெரிய விமானங்களில் பனியில் தானே இறங்கும் கருவி உண்டு, இதில் அவ்வளவு வசதி இருக்காது, விமானி கண்ணால் ஓடுபாதையைப் பார்த்தாக வேண்டும். சுற்றுவதற்கும் அளவு உண்டு. எரிபொருள் ஒரு கோட்டுக்குக் கீழே போவதற்கு முன்னால் வேறு ஊருக்கு இறங்கப் போய்விட வேண்டும், எந்த ஊர் என்று முன்னாலேயே எழுதிவைத்திருப்பார்கள். எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கக் கூடாது. நாய்க்குட்டிக்காரிக்குத் தெரியாது, அவளும் பிராங்க்பர்ட்டுக்குத்தான் காத்திருக்கிறாள், நிம்மதியாக நாயின் காதைச் சொறிந்துகொண்டிருக்கிறாள். பொம்மை அந்த முனையில் திரும்பியது. நேராக வந்தது. இந்த முனையில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. வருகிறது, வருகிறது என்று தூணை விட்டுக் கதவுப் பக்கம் இரண்டு எட்டுக்கூட வைத்துவிட்டேன். அது வடமேற்கே மூக்கைத் திருப்பிக்கொண்டு வட்டத்தை விட்டு விலகியது. உயரம் கூடியது. பலகை இன்னும் பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கூடத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும், அவர் போகிறார். என் தலைக்கு மேலே இவ்வளவு நேரம் இருந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போகிறார். தூணைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது, துடைத்தேன், திரும்ப வந்தது, அப்புறம் துடைக்கவில்லை. நாய்க்குட்டிக்காரி பக்கத்தில் வந்து நின்று என்னமோ கேட்டாள், பொர்தோவுக்குத் திருப்பிவிட்டார்கள் என்று அவள் மொழியில் சொன்னேன், அவள் என் முகத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பொம்மை வடமேற்கே போய், சின்னதாகி, பொர்தோ நகரத்தின் மேல் நின்றது. நின்றதும் மஞ்சள் மறைந்துவிட்டது.

போன் அடித்தது.

"ஹெப்சி, நான்தான் பேசுதேன். ஏர்போர்ட் வைஃபை கெடச்சிது. எங்கனயோ கொண்டு எறக்கிட்டானுவ."

"பொர்தோ அத்தான். பனி. பயந்துட்டீயளா?"

"பயமென்ன. சுத்திக்கிட்டே இருந்தான், வெயில் நல்லா இருந்துச்சி. பஸ்ஸுல கூட்டிட்டு வருவாங்களாம், ரெண்டு மூணு மணி நேரம் ஆகுமாம். நீ அழுதியா?"

"இல்ல."

"சரி." அவருக்குப் பின்னால் அறிவிப்புச் சத்தம் கேட்டது. "ஹெப்சி, உனக்கு அங்கன இன்னும் காலம் நீட்டிக் குடுத்திருக்காங்க. அப்படித்தான?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஒரு மாசமா நாலு வார்த்தைக்கு ஒருக்க பிரஷர் மாத்திரை போட்டீயளா, மாத்திரை போட்டீயளான்னு கேக்குத. இப்படி ஒண்ணு வரப்போவுதுன்னு தெரிஞ்சாத்தான் உனக்கு என் மாத்திரை ஞாபகம் வரும். போன தடவையும் அப்படித்தான்."

"அத்தான், நேர்ல சொல்லணும்னு…"

"நான் சொல்லுதத மொதல்ல கேளு. நீ போன்ல கேட்டா எனக்குச் சரின்னுதான் வரும். வாய் அப்படிப் பழகிப்போச்சி. இந்தத் தடவை வேண்டாம்னு சொல்லணும்ளா. அது போன்ல வராது எனக்கு. அதுக்குத்தான் மழையோட மழையா லீவ எழுதிக் குடுத்துட்டுப் பொறப்பட்டேன், சூப்பிரண்டெண்டு வாய்க்கு வந்தபடி ஏசினாரு. உன் மூஞ்சியப் பாத்து வேண்டாம், வான்னு சொல்லணும். நான் வந்து சேருத வரைக்கும் அவங்களுக்கு ஒண்ணும் சொல்லிராத."

கூடத்தில் பலகை மாறியது. பிராங்க்பர்ட், பொர்தோவுக்குத் திருப்பப்பட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள். இத்தனை வருஷம் கேட்க ஏங்கிய சொல், வந்ததும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சந்தோஷம்தான். அதன் அடியிலேயே அந்த வேலை, அந்த லாம்டா, ஒடில் தந்த காப்பி, எல்லாம் எழும்பிக்கொண்டு நின்றன.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"பஸ் வர நேரமாகும். நீ வீட்டுக்குப் போயி ஏதாச்சும் சாப்பிட்டுட்டு வா."

"போகல. இங்கனயே நிக்கேன்." குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டேன். "நீங்க வேண்டாம்னு சொன்னா நான் சண்டை போடுவேன் அத்தான். லேசுல விடமாட்டேன்."

"போடு" என்றார். "அதுக்கும் சேத்துத்தான் வாரேன்."